மூன்று எஞ்சின், ஒரே டிரெய்லர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டீசல் கட்சி. பணிக்காலம் முழுவதும் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழிந்தது. உள்ளே ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கக்கூடிய சிலிண்டர்கள், நிமிடத்துக்கு நூறு சுற்றை ஒட்டிய நிதானம், எரிபொருளின் ஆற்றலில் பாதியை வேலையாக மாற்றிவிடும் சிக்கனம். அவற்றோடு பழகியவனுக்குப் பெட்ரோல் எஞ்சின் என்றாலே கொஞ்சம் இளக்காரம்தான். அப்படிப்பட்டவன் மூன்று டன் கேரவன் டிரெய்லரை இழுக்க, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் பிக்கப் வாங்கியிருக்கிறேன். அதே மாதத்தில் என் மைத்துனரை டீசல் வாங்கச் சொன்னேன். இரண்டும் ஒரே மூளையில் உதித்த தீர்ப்புகள் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்பிட்டவை மூன்று. டீசலுக்கு, 3 லிட்டர் டியூராமேக்ஸ் எஞ்சின் பொருத்திய செவ்ரோலே சில்வராடோ 1500. பெட்ரோலுக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சின் உள்ள ஃபோர்டு எஃப்-150. ஹைபிரிட்டுக்கு, அதே எஃப்-150இன் பவர்பூஸ்ட். ஒன்று நண்பருடையது, மற்ற இரண்டும் வாடகைக்கு எடுத்தவை. டிரெய்லர் மாறவில்லை, அதற்குள் ஏற்றிய பொருட்கள் மாறவில்லை, மலைப்பாதையும் ஒன்றுதான்.

டீசல் மலையேறும் விதத்தைப் பார்த்தால் என் பழைய காதல் வீண் போகவில்லை என்றுதான் சொல்வேன். 305 குதிரைத்திறன், ஏறத்தாழ 670 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), அதுவும் நிமிடத்துக்கு 2,750 சுற்றிலேயே. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருப்பதால் அதிர்வே இல்லை. ஏற்றத்தில் கியர் ஒன்று இறங்கும், சத்தம் கொஞ்சம் அடர்த்தியாகும், அவ்வளவுதான். பின் இருக்கையில் தூங்குபவர்கள் விழிப்பதில்லை.

இங்கே டார்க் பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்து ஆறு டன் என்று வையுங்கள். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 88 கிலோவாட் தேவை. காற்றும் டயர்களும் கேட்பதைச் சேர்த்தால் 130, 140 கிலோவாட், அதாவது 180 குதிரைத்திறனை ஒட்டி வரும். எந்த எஞ்சினாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மலையேற்றுவது திறன்தான். டார்க் அதிகமாக இருந்தால் அந்தத் திறன் குறைந்த சுற்றிலேயே, அலறல் இல்லாமல் கிடைக்கும். அது பெரிய சுகம், மறுக்கவில்லை. ஆனால் அது காதுக்கான சுகம். பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றில் கத்துவதைக் கேட்டுப் பாவம் பார்க்க வேண்டியதில்லை. அது அந்தச் சுற்றில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது.

எரிபொருளில் டீசலின் வெற்றி பேச்சுக்கே இடமில்லாதது. டிரெய்லரோடு நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டரை ஒட்டிக் குடித்தது. பெட்ரோல் டர்போ இருபத்தாறுக்குக் குறையவில்லை. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. டீசல் எஞ்சின் காற்றை அழுத்திச் சுருக்கும் விகிதமும் அதிகம், உறிஞ்சும் காற்றின் வழியை அடைக்கும் திராட்டில் தட்டும் வேலையில் குறுக்கிடுவதில்லை. டர்போ பெட்ரோலோ கடும் சுமையில், உள்ளிருக்கும் பாகங்கள் வெந்துபோகாமல் இருக்கவே கூடுதல் எரிபொருளைத் தெளிக்க வேண்டிய நிலைக்குப் போகும். நீளமான டிரெய்லரோடு பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்து திரும்பி வெளியே வந்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு நிறுத்தம் குறைவதன் அருமை.

இறக்கத்திலும் டீசல் கெட்டி. திராட்டில் அடைப்பு இல்லாததால் டீசலுக்கு இயல்பான எஞ்சின் பிரேக் குறைவு என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் டர்போவின் தகடுகளை நெருக்கி, வெளியேறும் புகையை மறித்து, எஞ்சினையே பிரேக்காக மாற்றும் வசதி இப்போது வந்துவிட்டது. ஓட்டியபோது பிரேக் மிதியைத் தொட்டது வளைவுகளில் மட்டும்தான்.

பிறகு ஏன் வாங்கவில்லை? டிரெய்லர் இழுக்காத நாட்களால்.

கப்பல் எஞ்சின் ஒரு துறைமுகத்தில் கிளம்பினால் அடுத்த துறைமுகம் வரை ஒரே சுமையில் ஓடும். டீசலுக்குப் பிடித்த வாழ்க்கை அது. என் பிக்கப்போ, விடுமுறைக் காலம் முடிந்துவிட்டால், மனைவியின் அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, கடைத்தெரு என்று சூடேறுவதற்குள் அணைக்கப்படும் பிராணி. இன்றைய டீசலின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்ததை அவ்வப்போது அறுநூறு டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி எரித்துவிட வேண்டும். அதற்குத் தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். குறுந்தூரப் பயணங்களில் அந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும். முன்பு என்னிடம் இருந்த டீசல் பிக்கப், எந்த நிறுவனம் என்பது வேண்டாம், இப்படித்தான் வடிகட்டி விளக்கை எரியவிட்டுக்கொண்டே இருந்தது. அதை அணைப்பதற்காகவே வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வருவேன். சிக்கனத்துக்காக வாங்கிய வண்டியின் வயிற்றைச் சுத்தம் செய்ய எரிபொருளைச் செலவழிப்பது என்ன நியாயம் என்று மனைவி கேட்டார். பதில் இல்லை.

டீசல் புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கப் புகைக்குழாயில் தெளிக்கும் யூரியா கரைசல் தனிக்கதை. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி தூய நீர். மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் தொட்டிக்கே சூடேற்றி வைத்திருக்கிறார்கள். நிரப்புவது சுலபம். ஆனால் சென்சார், பம்ப், தெளிக்கும் ஊசி என்று அதைச் சுற்றி இருக்கும் கூட்டம் வயதான பிறகு பணம் கேட்கும். டியூராமேக்ஸில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எண்ணெய் பம்ப்பை ஓட்டும் பெல்ட் எஞ்சினின் பின்பக்கம், கியர் பெட்டியை ஒட்டி இருக்கிறது. 2020இல் வந்த முதல் பதிப்புக்கு 1,50,000 மைலில் அதை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமென்றால் கியர் பெட்டியை இறக்க வேண்டும். எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அதை அங்கே கொண்டுபோய் வைத்தவரோடு ஒரு கோப்பை காபி குடிக்க ஆசை.

பெட்ரோல் பற்றிப் பேச அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. 400 குதிரைத்திறன், 680 நியூட்டன் மீட்டரை ஒட்டிய டார்க். மூன்றில் இதுதான் சிக்கல் குறைந்தது. குடிக்கும், ஆனால் வேறு எதுவும் கேட்காது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் படகையோ சிறிய டிரெய்லரையோ இழுப்பவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். டர்போ இல்லாத 5 லிட்டர் வி8 வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சமவெளியில் தாராளமாக வாங்கலாம். உயரம் கூடக் கூட டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ மூன்று சதவீதத் திறனை இழக்கும். மூவாயிரம் மீட்டர் உயரக் கணவாய்களைத் தாண்டுபவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ஹைபிரிட்டின் விளம்பர எண் மலைக்க வைக்கும். 430 குதிரைத்திறன், 770 நியூட்டன் மீட்டருக்கும் மேல். ஈக்கோபூஸ்ட் எஞ்சினுக்கும் பத்து கியர் பெட்டிக்கும் நடுவே 35 கிலோவாட் மின்மோட்டார். ஆனால் மின்கலத்தின் கொள்ளளவு 1.5 கிலோவாட் மணி. மோட்டார் முழுத் திறனில் ஓடினால் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. நீண்ட ஏற்றத்தில் பாதி வழியிலேயே அது வெறும் பெட்ரோல் வண்டி. இறக்கத்திலும் இதே கதைதான். ஆறு டன் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது பதினாறு கிலோவாட் மணி ஆற்றல் வெளியாகும். அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த மின்கலம் வாங்கிக்கொள்ள முடியாது. மீதியை எஞ்சினும் பிரேக்கும்தான் சுமக்க வேண்டும். டொயோட்டா டுண்ட்ராவின் ஹைபிரிட் மின்கலம் 1.87 கிலோவாட் மணி. கொஞ்சம் பெரியது, கணக்கு அதேதான். டிரெய்லரோடு என் ஹைபிரிட் பெட்ரோலைவிட ஒரு லிட்டர்தான் குறைவாகக் குடித்தது. இழுப்பதில் சிக்கனம் வரும் என்று ஹைபிரிட் வாங்குபவர்கள் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

டிரெய்லரைக் கழற்றிய மறுநாளிலிருந்துதான் அது சம்பாதிக்கிறது. 2021இல் வந்த நான்கு சக்கர இயக்க பவர்பூஸ்டுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தந்த மதிப்பீடு, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஒன்றே: கேலனுக்கு 24 மைல், அதாவது நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டரை டன்னை நெருங்கும் பிக்கப்புக்கு நகர நெரிசலில் இந்த எண் சாதாரணமானதல்ல. பள்ளி வாசலில் எஞ்சின் அணைந்தே நிற்கிறது. வடிகட்டி விளக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தண்டனை இல்லை.

வாங்கவைத்த இன்னொரு காரணம் பின்பெட்டியில் இருக்கும் மின் இணைப்புகள். அடிப்படை வசதி 2.4 கிலோவாட், கூடுதல் பணத்துக்கு 7.2 கிலோவாட். நான் பெரியதை எடுத்தேன். கேரவனின் கூரை ஏசி, காபி இயந்திரம், மைக்ரோவேவ் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. தேவைப்படும்போது மட்டும் எஞ்சின் தானாக விழித்து மின்கலத்தை நிரப்பிவிட்டு அணைகிறது. ஜெனரேட்டரைத் தூக்கி ஏற்றி இறக்கும் வேலை ஒழிந்தது. அக்கம்பக்கத்துக் கேரவன்காரர்களின் சாபமும் ஒழிந்தது.

மைத்துனரின் கணக்கு வேறு. கட்டுமான இயந்திரங்களை ஏற்றிய டிரெய்லரோடு வாரத்தின் ஆறு நாட்களும் நெடுஞ்சாலையில் இருப்பவர். “அத்தான், நீங்கள் ஹைபிரிட் வாங்கிக்கொண்டு என்னை மட்டும் டீசல் வாங்கச் சொல்கிறீர்களே” என்று சந்தேகத்தோடு கேட்டார். அவர் எஞ்சின் காலையில் சூடேறினால் மாலைவரை ஆறுவதில்லை. அந்த வாழ்க்கைக்கு டீசலைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வடிகட்டி அவருக்கு ஒருமுறைகூடத் தொல்லை கொடுக்கவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது, விற்பனையாளர் வாயால் வராதது. இழுக்கும் திறன் என்ற எண் பொய்யல்ல. ஜே2807 என்ற தரநிலைப்படி, அரிசோனாவின் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் 18 கிலோமீட்டர் மலைச்சாலைக்கு ஈடான ஏற்றத்தை, 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாகத் திறந்துவிட்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். நேர்மையான சோதனைதான். ஆனால் டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அமரும். அது வண்டி சுமக்கக்கூடிய எடையில் கழியும். பெரும்பாலானவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது இந்த எண்தான். மின்கலமும் மோட்டாரும் தங்கள் எடையை இதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. 2021 எஃப்-150இல் 5 லிட்டர் வி8 அதிகபட்சமாக 1,500 கிலோ சுமக்கும், பவர்பூஸ்ட் 960 கிலோவைத் தாண்டாது. வசதிகள் கூடினால் இன்னும் குறையும். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டி இருக்கும் ஸ்டிக்கரில் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான எண் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

என் கணக்கில் கொக்கியின் மேல் 380 கிலோ, நான்கு பேர், நாய், விறகு, மிதிவண்டிகள் என்று ஏற்றி எடைமேடையில் நிறுத்தியபோது மிச்சம் சொற்பம். மிதிவண்டிகளை டிரெய்லரின் பின்பக்கம் மாட்டலாம் என்றான் மகன். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் வாலாட்டும் என்பதால் மறுத்துவிட்டேன். இப்போது கொக்கிப் பக்கம் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கிட்டத்தட்டக் காலியாக வைத்துக் கிளம்புகிறோம். போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பிக்கொள்கிறோம்.