காபி வறுக்கும் டிரம்முக்கு எந்த சென்சார்: கே டைப்பா, பிடி 100-ஆ?

தோட்டத்துக் காபியைத் தானே வறுத்து விற்க நினைக்கும் ஏற்காட்டுக்காரர், மிஷின் வாங்கும்போது டிரம்மையும் பர்னரையும் தட்டிப் பார்ப்பார். கொட்டையின் சூட்டைச் சொல்லும் சென்சாரைப் பற்றிக் கேட்பது அபூர்வம். கொட்டை சூட்டில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும் முதல் வெடிப்பு 200 டிகிரியை ஒட்டி வரும் நேரத்தில் டிஸ்ப்ளே 198, 211, 203 என்று ஆடும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும்.

எளிதாகக் கிடைப்பவை இரண்டு. பிளாட்டினத்தின் மின்தடையை வைத்துச் சூட்டை அளப்பது பிடி 100. இரண்டு உலோகக் கம்பிகளில், சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தால் உண்டாகும் மின்னழுத்தத்தை அளப்பது கே டைப் தெர்மோகப்பிள்.

கே டைப் மட்டமான சரக்கு இல்லை. விலை குறைவு, மெல்லிய குழாயில் வரும், சூடு மாறினால் சட்டென்று காட்டும், டிரம்மின் அதிர்வையும் தாங்கும். சிக்கல் அது தரும் சிக்னலில்தான். ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட். பக்கத்தில் ஓடும் மோட்டாரின் மின் இரைச்சலே அதைக் கலைத்துவிடும். வயர் பத்தவில்லை என்று நடுவில் சாதாரண செம்புக் கம்பியை ஒட்டினால், ஒட்டின இடம் சூடாகும் அளவுக்குக் கணக்கு தப்பும். இதை மல்டிமீட்டரில் பிடிப்பதும் கஷ்டம்; சாதாரண மீட்டர் காட்டும் 0.1 மில்லிவோல்ட்டே கிட்டத்தட்ட இரண்டரை டிகிரி.

பிடி 100 இங்கேதான் ஜெயிக்கிறது. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அதே மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்தால் கால் டிகிரி மாற்றம்கூடத் தெரியும். சேலத்திலிருந்து மெக்கானிக் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்வரை வறுவலை நிறுத்தி வைக்க முடியாதவருக்கு, கோளாறைத் தானே கண்டுபிடிக்க முடிவது பெரிய விஷயம்.

கோளாறு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். ரீடிங் திடீரென்று மேலே ஏறி இறங்கினால் பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன், எங்கோ 0.4 ஓம் கூடினாலே ஒரு டிகிரி ஏறிவிடும். சென்சார் தலையின் மூடியைத் திறந்தால், வறுக்கும்போது பறக்கும் தோல் தூள் டெர்மினலில் படிந்திருக்கும், செம்பு இழைகள் கறுத்திருக்கும், ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருக்கும். கம்பி நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, லக் (கம்பி நுனியில் மாட்டும் உலோக முனை) அடித்து முடுக்கினால் போதும். மாறாக ரீடிங் கீழேயே இழுத்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். மூடுபனிக் காலத்தில் சும்மா கிடந்த மிஷினில் இது சகஜம். ஈரம் இன்னொரு வழியாக மின்சாரத்தைக் கசியவிடுவதால் மின்தடை குறைந்து தெரிகிறது. உலர்த்தினால் சரியாகும்.

இரண்டு வயர் பிடி 100 வேண்டவே வேண்டாம். 0.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் 10 மீட்டர் இழுத்தால், போக வர சேர்த்து 0.7 ஓம் வயரே எடுத்துக்கொள்ளும், ஏறக்குறைய 1.8 டிகிரி பொய். மூன்று வயரில், சென்சாரைப் படித்துச் சூட்டைக் காட்டும் கன்ட்ரோலர் அதைக் கழித்துவிடும், மூன்றும் ஒரே நீளம், ஒரே தடிமன் என்றால்.

கொதிக்கும் தண்ணீரில் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மீட்டர் 136.6 ஓம் அளவில் காட்டினால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. 100 வரவில்லையே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அரைத்த ஐஸும் தண்ணீரும் கலந்து 100 ஓம் வருகிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது.

புகைபோக்கிக்கு கே டைப்பே இருக்கட்டும், அங்கே வேகம்தான் முக்கியம். கொட்டைக்கு மூன்று வயர் பிடி 100. மாற்றும்போது கன்ட்ரோலர் செட்டிங்கில் இன்புட் டைப்பையும் மாற்றிவிடுங்கள்.