ஹெபடைடிஸ் பி "நெகட்டிவ்" ஆகிவிடும் என்று சொல்லி 38,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள், பணம் கட்டும் முன் படியுங்கள்

நேற்று ராத்திரிதான் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் படபடப்பு அடங்கவில்லை, ஆனால் ஆறப்போட்டால் எழுத மாட்டேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தம்பிக்கு வளைகுடாவில் வேலை கிடைத்து, விசாவுக்கு மெடிக்கல் எடுத்தபோது, கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது. 'அன்ஃபிட்' என்று சீல் குத்திவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று) பார்த்து டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்தார்கள். இது வைரஸைப் பெருகவிடாமல் அடக்கி வைக்கும், ரிப்போர்ட் நெகட்டிவ் ஆவது அபூர்வம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். எட்டு மாதம் ஒழுங்காகத்தான் சாப்பிட்டான். ஆனால் அவனுக்கு வேண்டியது அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்.

அப்போதுதான் ஆன்லைனில் மூலிகை மருந்து விற்கும் ஒரு இடத்தின் வீடியோ கண்ணில் பட்டது. போன் செய்தேன், எடுத்த ஆள் முக்கால் மணி நேரம் பேசினார், வார்த்தைக்கு வார்த்தை "அக்கா". கீழாநெல்லிதான் மூல மருந்து என்றார். நம்ப வைத்தது அவர் அனுப்பிய ஒரு பக்கம். 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை, சென்னையில் செய்த ஆய்வு, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெச்பிஎஸ்ஏஜி, அதாவது டெஸ்ட்டில் பாசிட்டிவ் காட்டும் வைரஸின் புரதம், காணாமல் போயிருந்தது. எழுதியவர்களில் ஒருவர் புளூம்பெர்க், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கியவர். தேடிப் பார்த்தேன், அத்தனையும் உண்மை. சின்ன வயதில் எனக்குக் காமாலை வந்தபோது அப்பத்தா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துதான் சரியானது என்று வேறு மனதில் இருந்தது. சரி என்று மாதம் 12,800 வீதம் மூன்று மாதத்துக்கு 38,400 ரூபாய் மொத்தமாக அனுப்பிவிட்டேன்.

அந்த ஆள் சொல்லாமல் விட்டதை நேற்று டாக்டர் சொன்னார். அப்புறம் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லையாம். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, அது தானாகவே போய்விடும், பி அப்படியல்ல. செடியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாதி உண்மையைக் காட்டிக் காசு பிடுங்கியவர்கள் மேல்தான்.

"இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் மூலிகை வேலை செய்யும்" என்றார்கள். நிறுத்தினான். பத்தாவது வாரம் சோறு இறங்கவில்லை, குமட்டல். போன் செய்தால், கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். மறுவாரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான், கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி டெஸ்ட் 900-க்கு மேல், எக்கச்சக்கம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் இப்படிச் சீறிக்கொண்டு கிளம்பும் என்றார் டாக்டர்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அக்கா" போய் "மேடம்" ஆனது. பத்தியம் இருந்திருக்க மாட்டார் மேடம். இன்னொரு கோர்ஸ் எடுங்கள் மேடம், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறோம். மூன்றாவது நாளிலிருந்து மெசேஜுக்கு நீல டிக் மட்டும்தான். 38,400 ரூபாய், என் நகையை அடகு வைத்த காசு! டப்பாவை இன்றுதான் உற்றுப் பார்க்கிறேன். ஒரு ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர், லைசென்ஸ் எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை.

விவரமாக எழுத இப்போது நேரம் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பில் தராதவரிடம் வாங்காதீர்கள். நெகட்டிவ் கேரண்டி என்று யார் சொன்னாலும் போனை வையுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், தம்பிக்கு அங்கேதான் கொடுத்தார்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் டெஸ்ட் எடுத்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தம்பி பெண்டாட்டிக்கு நாங்கள் இன்னும் டெஸ்ட் எடுக்கவில்லை, இன்றைக்குத்தான் கூட்டிப் போகிறேன்.