ஹெச்.ஓ.டி. தேட ஏஜென்சிகிட்ட கொடுக்கலாமா? எங்க அனுபவம்

எங்க ஸ்கூல் சயின்ஸ் ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) ரிட்டயர் ஆகப்போறாங்கன்னு தெரிஞ்சதும் டீச்சர் ரெக்ரூட்மெண்ட் பண்ற ஒரு ஏஜென்சிகிட்ட கொடுத்தோம். பேர் வேணாம், இந்த மாதிரி சர்வீஸ் எடுக்கலாமான்னு யோசிக்கிற ஸ்கூல்களுக்கு உதவட்டும்னு எழுதறேன். 5க்கு 3 கொடுப்பேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன் சுத்தமா பண்ணாங்க, பழைய ஸ்கூலுக்கு அவங்களே போன் பண்ணி விசாரிச்சாங்க, நோட்டீஸ் பீரியட் எவ்வளவுன்னு முதல் நாளே கேட்டு வாங்கிட்டாங்க. பிள்ளைங்க வருஷ நடுவுல டீச்சர் இல்லாம தவிக்கக் கூடாதில்லயா, அதனால இது பெரிய விஷயம்.

பிரச்சனை எங்கன்னா அவங்க ஆளை வடிகட்டற விதத்துல. எத்தனை வருஷ சர்வீஸ், கிளாஸ் ரிசல்ட் எத்தனை பர்சன்ட், இந்த ரெண்டை வச்சுதான் லிஸ்ட்டே போடறாங்க. 1998ல ஷ்மிட், ஹன்டர்ங்கற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஏகப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்பவே அனுபவ வருஷத்துக்கும் வேலைத் திறமைக்கும் உள்ள தொடர்பு 0.18தான் (0ன்னா தொடர்பே இல்ல, 1ன்னா முழுத் தொடர்பு), எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகளைக் கேட்டு மார்க் போடற இன்டர்வியூவுக்கு 0.51. 2022ல சாக்கெட்ங்கற ஆய்வாளரோட டீம் திரும்பக் கணக்குப் போட்டப்ப அது 0.07, 0.42ன்னு குறைஞ்சுது, ஆனாலும் அந்த மாதிரி இன்டர்வியூதான் முதலிடம். ஆள் எடுக்கறதையே தொழிலா வச்சிருக்கவங்க இதைக் கவனிக்க வேண்டாமா?

ஹெச்.ஓ.டி. வேலை நல்லா பாடம் நடத்தறதோட முடியறதில்ல. ஒரே விடைத்தாளுக்கு ரெண்டு டீச்சர் வேற வேற மார்க் போட்டா உக்கார வச்சுப் பேசி ஒரே அளவுக்குக் கொண்டு வரணும், பிசிக்ஸ்ல ஒரு பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதுக்கு வேண்டிய கணக்கு மேத்ஸ் கிளாஸ்ல முடிஞ்சிருக்கான்னு பாக்கணும், லேப் செலவைத் திட்டம் போடணும், புது டீச்சர் கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாத்துட்டு மனசு நோகாம குறையைச் சொல்லணும், தன்னைவிட வயசுல மூத்தவங்ககிட்டயும் அதைச் சொல்லணும். சிவியில இதெல்லாம் எங்க தெரியும்?

அதனால செலக்‌ஷனை நாங்களே வடிவமைச்சோம். டெமோ கிளாஸ் எல்லாரும் வைக்கறதுதான். அதோட எங்க டீச்சர் ஒருத்தரோட சம்மதம் வாங்கி அவர் கிளாஸைப் பாக்க வச்சு, அப்புறம் அவர்கிட்டயே நேர்ல கருத்து சொல்லச் சொன்னோம். பிள்ளைங்க பேரை நீக்கின ஒரு ரிசல்ட் ஷீட்டைக் கொடுத்து, நீங்க எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்கன்னு கேட்டோம். லிஸ்ட்ல மேல இருந்தவர் எல்லாத்துக்கும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கலாம்னாரு. இன்னொருத்தங்க கொஞ்ச நேரம் அமைதியா பாத்துட்டு, ஒரு செக்‌ஷன் மொத்தமும் ஒரே கேள்வியில விழுந்திருக்கே, அந்தப் பாடத்தை இவங்களுக்கு எப்ப எடுத்தாங்கன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்காகத்தான் அவங்களை எடுத்தோம்னு சொல்லலாம். கேண்டிடேட்டுக்குப் போடற மார்க்கையும் நாங்க ஒவ்வொருத்தரும் தனியா எழுதி வச்ச பிறகுதான் கலந்து பேசினோம், இல்லன்னா பிரின்சிபல் முதல்ல வாயைத் திறந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சுடுவாங்க.

ஏஜென்சி கேக்காத ஒண்ணு இருக்கு, உங்க ஸ்டாஃப்லயே தகுதியான ஆள் இருக்காங்களான்னு. அதை நீங்களே முதல்ல ஸ்டாஃப் ரூம்ல அறிவிச்சுடுங்க, வர்றவங்களுக்கும் வெளியாளுக்கு வைக்கற அதே டெஸ்ட்டை வைங்க.

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி, சேந்தவர் பாதியில போனா மாத்து ஆள் எந்த கண்டிஷன்ல தருவாங்கன்னு எழுத்துல வாங்கிடுங்க. வாரத்துக்கு ஹெச்.ஓ.டி.க்கு எத்தனை ஃப்ரீ பீரியட்னு விளம்பரத்துலயே போடச் சொல்லுங்க. எங்க விளம்பரத்துல அது இல்ல, நல்ல கேண்டிடேட் ஒருத்தர் கடைசி ரவுண்டுல அதைக் கேட்டுத் தெரிஞ்சதும் வேணாம்னு போயிட்டாங்க.