மாடி அறைக் கணினிக்கு வைஃபை வாங்கித் தரும் பழைய ரவுட்டர்: நீண்ட நாள் அனுபவம்

எங்கள் வீட்டு மாடி அறையில் கோர் 2 டுவோ காலத்து டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. லேன் போர்ட் உண்டு, வைஃபை கிடையாது. ஃபைபர் மோடம் இருப்பது கீழே ஹாலில். நடுவில் கான்கிரீட் தளம். கேபிள் இழுக்கச் சுவரைத் துளைக்க வேண்டும் என்பதால், பரணில் கிடந்த டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் ரவுட்டரை எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். அது கீழே இருந்து வைஃபையை வாங்கி, லேன் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கிறது. சில வருடங்களாக இப்படியே ஓடுகிறது.

யுஎஸ்பி போர்ட்டில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்கினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். புதுக் கணினிக்குப் போதும். பழைய கணினியில் டிரைவர் (டாங்கிளைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) தான் தலைவலி. விண்டோஸ் எக்ஸ்பிக்கு இன்றைய டாங்கிள்கள் பலவற்றுக்கு டிரைவரே வருவதில்லை. லினக்ஸில் சில சிப்களுக்கு டிரைவரை நாமே கம்பைல் செய்ய வேண்டும், கெர்னல் அப்டேட் வந்தால் மறுபடியும் அதே வேலை. ரவுட்டர் வழியில் கணினிக்கு வைஃபை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு லேன் கேபிள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்த பிறகு அந்தக் கணினியை லினக்ஸுக்கு மாற்றினேன். லைவ் பென்டிரைவில் பூட் ஆனதுமே இணையம் தயாராக இருந்தது. எந்த ஓஎஸ் போட்டாலும் அப்படித்தான். இந்த ஏற்பாட்டை நான் விடாமல் வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வேகம் பாதியாகிவிடும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அது ரிப்பீட்டருக்கு உரியது. ஒரே ரேடியோ சிக்னலை வாங்கி, அதையே திரும்பவும் காற்றில் அனுப்பும்போது நேரம் இரண்டாகப் பங்காகிறது. இங்கே காற்றில் ஒரு பயணம்தான், அதற்குப் பிறகு கேபிள். அதனால் இப்படிப் பிரிட்ஜ் ஆக, அதாவது வைஃபைக்கும் கேபிளுக்கும் நடுவே பாலமாக, வைத்த ரவுட்டரில் மற்ற ஃபோன்கள் வைஃபை பிடிக்காதபடி பார்த்துக்கொள்வது நல்லது.

பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தாலும் லேன் போர்ட்டின் உச்சம் 100 தான். அக்கம்பக்கத்து வைஃபைகளுக்கு நடுவே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எனக்குப் பெரும்பாலும் 35 முதல் 45 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. ஆன்லைன் வகுப்பு, வீடியோ கால், வங்கி வேலை எதற்கும் குறையில்லை. வீட்டுக்குள்ளேயே பெரிய ஃபைல்களை அனுப்பும்போதுதான் பொறுமை வேண்டும். ஒரு ஜிபி போக மூன்று நான்கு நிமிடம் ஆகும்.

செட்டிங்கில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். இந்த மாடலின் பழைய பதிப்புகளில் வயர்லெஸ் பக்கத்தில் ‘டபிள்யூடிஎஸ் பிரிட்ஜிங்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்து, சர்வே கொடுத்து, வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு போட வேண்டும். அப்புறம் ரவுட்டரின் ஐபி முகவரியை, மோடம் மற்ற கருவிகளுக்குக் கொடுக்கும் முகவரி வரிசைக்கு வெளியே, உதாரணமாக 192.168.1.250 என்று மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைக்க வேண்டும். கணினியின் கேபிள் லேன் போர்ட்டில்தான் போக வேண்டும், மோடத்தை இணைப்பதற்கான வான் (WAN) போர்ட்டில் அல்ல. புது ஐபியை ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். செட்டிங் பக்கத்தை மறுபடி திறக்கும் நாளில் அது தேவைப்படும்.

சில ரவுட்டர்களில் இதற்குப் பதில் ‘விஸ்ப்’ (WISP) மோடு இருக்கும். அதுவும் வேலை செய்யும். ஆனால் கணினி தனி நெட்வொர்க்கில் உட்கார்ந்துவிடுவதால், கீழே இருக்கும் வைஃபை பிரின்டர் தானாகக் கண்ணில் படாது. இணையம் மட்டும் போதும் என்றால் சரி.

நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்த தொல்லைகள் இரண்டு. மோடம் ‘ஆட்டோ’ சேனலில் இருந்தால் அது சேனல் மாறும்போது பிரிட்ஜ் அறுந்துபோகிறது. மோடத்தில் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றை நிலையாக வைத்ததும் அது நின்றது. இன்னொன்று மின்தடை. கரண்ட் வந்ததும் கணினி முந்திக்கொண்டு, ஃபைபர் மோடம் தாமதமாக எழுந்தால், கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொண்டு இணையம் இல்லை என்கிறது. கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். மோடத்தையும் ரவுட்டரையும் சிறிய யுபிஎஸ்ஸில் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இந்த ரவுட்டரின் அடாப்டர் 9 வோல்ட், 0.6 ஆம்ப்தான். மின்செலவு பெரிதாக ஒன்றும் இல்லை.

மோடத்தில் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் இவ்வளவு பழைய ரவுட்டர் சேராது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு டபிள்யூபிஏ2 இருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2017 அக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் வெளியிட்ட ‘க்ராக்’ என்ற வைஃபை பாதுகாப்பு ஓட்டை முக்கியமாக வைஃபையை வாங்கும் பக்கத்தைத் தாக்குவது. பிரிட்ஜாக மாறிய ரவுட்டர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் ரவுட்டருக்கு அதன் பிறகு புது ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் பெயரோடு அடியில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் பொருத்திப் பார்த்துத்தான் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும், மாறிவிட்டால் ரவுட்டர் செத்துவிடும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று ஃபர்ம்வேரைப் போடலாம் என்று நினைப்பவர்கள் 4 எம்பி ஃப்ளாஷும் 32 எம்பி ராமும் உள்ள ரவுட்டர்களுக்கு 19.07 தான் கடைசி வெளியீடு என்பதை மனதில் வையுங்கள். அதற்கும் இப்போது அப்டேட் வருவதில்லை. 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ராம் உள்ள ரவுட்டர் கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இதற்கென்று புது ரவுட்டர் வாங்கச் சொல்லமாட்டேன். சும்மா கிடப்பது இருந்தால் மட்டுமே இது லாபம். எங்கள் வீட்டில் மீதி மூன்று லேன் போர்ட்களில் ஒன்றில், வைஃபை இல்லாத பழைய லேசர் பிரின்டரையும் இப்போது மாட்டியிருக்கிறேன். கீழே ஹாலில் இருந்தே ஃபோனில் பிரின்ட் கொடுக்க முடிகிறது.