தொங்கும் இமை, விரிந்த பாவை: மூன்றாம் நரம்பு வாதத்தின் இரு காரணங்கள்

குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்பவருக்கோ, குளச்சலில் வள்ளம் இறக்குபவருக்கோ திடீரென ஒரு கண்ணிமை தொங்கி, பார்ப்பவை இரண்டிரண்டாகத் தெரிந்தால், மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் மூன்றாம் நரம்பு செயலிழந்திருக்கக்கூடும்; விழி வெளிப்புறமும் கீழ்நோக்கியும் விலகி நிற்பதும், ஒரு கண்ணை மூடினால் இரட்டைப் பார்வை மறைவதும் இதன் அடையாளங்கள்.

இதன் காரணங்களில் இரண்டைப் பிரித்தறிவது உயிரைக் காக்கும். நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் நரம்புக்குச் செல்லும் நுண்குழாய்களில் இரத்தவோட்டம் குறையும்போது உட்புற இழைகளே பெரிதும் பழுதாகின்றன. ஆகவே இமை முழுதும் மூடி, விழியசைவு நின்றாலும் கண்பாவை (கருவிழியின் நடுவிலுள்ள, ஒளி நுழையும் கருந்துளை) பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், பொதுவாக 3 மாதங்களுக்குள் குணமும் தெரியும். மூளைத் தமனியின் சுவர் புடைத்து நரம்பை அழுத்தும்போதோ, பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுவதால் அவை நசுங்கி, பாவை விரிந்து, டார்ச் ஒளி பட்டாலும் சுருங்காமல் நிற்கும். அந்தப் புடைப்பு வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

வலியை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டிலும் வலி வரலாம். இமை பாதி மட்டும் சரிந்திருக்கையில் பாவை இயல்பாக இருப்பதும் ஆறுதல் தராது, ஏனெனில் சில நாட்களில் அது விரியலாம். சர்க்கரையால் வந்தது என்று வீட்டிலேயே தீர்மானித்துக் காத்திருப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பாவை விரிந்தவரைக் கண்ணாடிக் கடைக்கோ கண் முகாமுக்கோ அழைத்துச் செல்லாமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே கொண்டுசெல்ல வேண்டும். மூளைத் தமனிகளைக் காட்டும் ஆஞ்சியோகிராம் ஸ்கேன் அவருக்கு உடனடியாகத் தேவை.