87.7இல் ஒரு பின்வாசல்: அமெரிக்காவின் இரு சிறு வானொலிகள்

அமெரிக்காவில் குறைந்த முதலீட்டில் வானொலி நடத்த நேர்வழி, 2000ஆம் ஆண்டில் வந்த குறைதிறன் எஃப்.எம். உரிமம். அதிகபட்சம் 100 வாட். சமூக அமைப்புகளுக்கும் லாபநோக்கற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே கிடைக்கும், விளம்பரம் கூடாது. ஒலி எட்டும் எல்லை சில கிலோமீட்டரோடு முடிந்துவிடும்.

இன்னொரு வழியாக இருந்தது, 6ஆம் சேனலில் குறைதிறன் தொலைக்காட்சி உரிமம். அந்தச் சேனலின் அலைவரிசை 82 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய அனலாக் (டிஜிட்டல் அல்லாத) முறையில் ஒலி 87.75இல் போகும், எஃப்.எம். பெட்டியின் முள்ளை இடது கோடிக்குத் தள்ளினால் 87.7இல் தெளிவாகக் கேட்கும். அன்று திரையில் பெயருக்கு ஏதோ ஒரு படம் அசைந்தால் போதுமாக இருந்தது. மிச்சமெல்லாம் பாட்டும் பேச்சும், விளம்பரமும்தான்! விதியை மீறாமலே விதியைச் சுற்றி வந்த இந்தச் சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. பல உடல்களின் துண்டுகளை ஒட்டி உருவாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் கதையின் உயிரை நினைவூட்டும் ‘ஃபிராங்கன் எஃப்.எம்.’ என்ற பட்டப்பெயரும் பொருத்தமே.

2021 ஜூலையில் குறைதிறன் அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்தபோதும் கதை முடியவில்லை. புதிய டிஜிட்டல் படத்தோடு பழைய அனலாக் ஒலியையும் சேர்த்து அனுப்ப இந்த நிலையங்களை நடத்தியவர்கள் தற்காலிக அனுமதி வாங்கினார்கள். 2023இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (எஃப்.சி.சி.), அப்போது இயங்கிய 14 நிலையங்கள் மட்டும் தொடரலாம் என்றது. புதியவர்களுக்கு இடமில்லை.

வணிகக் கண்ணுக்கு 87.7தான் லாபம். ஆனால் இன்று புதிதாகத் தொடங்க நினைப்பவருக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது; 100 வாட் உரிமத்துக்கும் ஆணையம் விண்ணப்பம் வாங்கும் காலம் வரை காத்திருக்க வேண்டும்.