புல்லுக்கு 2,900 ரூபாய்

முற்றத்தில் அழகுக்கு நட நான் காசு கொடுத்துப் புல் வாங்கி வந்தேன் என்றதும் அம்மா சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பேர் போட்டு வேலை செய்தவர். மலையில் புல்லு வெட்டியதற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறாரே தவிர, புல்லுக்குக் கொடுத்ததில்லை.

வாங்கியது, நுவரெலியாவிலிருந்து ஹக்கலைப் பூங்காவுக்குப் போகும் வழியில் ரோட்டோரமாக உள்ள ஒரு தவறணையில். (யாழ்ப்பாணத்துக் கூட்டாளிகள் பதற வேண்டாம். உங்கள் பக்கம் அது கள்ளுக்கடை, எங்கள் பக்கம் தவறணை என்றால் கன்று வளர்க்கும் இடம்.) பெயர் சொல்லவில்லை, சொல்லப்போவதில் பாதி குறை.

முதலில் நல்லது. கன்றுகள் அந்தக் குளிரிலேயே வளர்ந்தவை. கீழ்நாட்டிலிருந்து லொறியில் வரும் செடிகள் என் முற்றத்தில் ஒரு மாதத்தில் சுருண்டிருக்கின்றன, இவை சுணங்கவே இல்லை. பையைக் கிழித்தால் வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

கோளாறெல்லாம் பெயர்ச்சீட்டில். "குட்டைப் புல், இரண்டடி" என்று 400 ரூபாய்ப்படி தந்த இரண்டும் பம்பாஸ் என்ற ராட்சதப் புல். வாசற்படியோரம் நட்டேன். அடுத்த வருடம் என் உயரத்தைத் தாண்டியது. இலை விளிம்பு அரம் மாதிரி, பந்தெடுக்கப் போன மகனுக்குக் கை முழுக்கக் கீறல். போய்க் கேட்டால், "அது நல்லா வளர்ந்திருக்குத்தானே அக்கா" என்கிறார் கடைக்காரத் தம்பி!

பவுண்டன் புல்லில் ஊதா, பச்சை இரண்டும் வைத்திருக்கிறார்கள். நிறம்தான் வித்தியாசம் என்றார். அது சரியில்லை. பச்சை விதை கொட்டிக் கண்ட இடமெல்லாம் முளைக்கும், பல நாடுகளில் தொல்லையாகிவிட்ட புல் அது. ஊதாவில் முளைக்கும் விதை அனேகமாக இராது. ஆகவே ஊதாவில் மூன்று, ஒன்று 450. ஆனால் அது பனி தாங்காது என்று யாரும் சொல்லவில்லை. ஜனவரியில் முற்றம் வெள்ளையாக உறைந்த இரண்டாம் காலையில் ஒன்று கருகியே போனது. சுவரோரம் நின்ற இரண்டும் தப்பின.

750 ரூபாய்க்கு வாங்கிய வரிப்புல் (மிஸ்கந்தஸ் என்பார்கள்), அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். பச்சை இலையில் குறுக்கே மஞ்சள் பட்டை. குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்துக்கென்றே பூப்பாத்தியில் இதை நடுவார்கள், பொன்னிறமாகிப் பூக்கதிரோடு பனிக்காலம் முழுக்க நிற்கும், வசந்தத்துக்கு முன்னால் வெட்டுவார்கள். நமக்கு ஏது இலையுதிர்காலம்? ஆனாலும் ஜனவரி பிறந்து மழை விட்டதும் என்னுடையது வைக்கோல் நிறமாகிவிட்டது. சாயங்கால வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது பார்க்க வேண்டும்.

மார்ச் கடைசியில் அம்மாவே கத்தியோடு வந்து ஒரு சாண் விட்டுக் கவ்வாத்து பண்ணினார். வெட்டியதை எறியவில்லை, ரோசாவுக்கு அடியில் பரப்பினார். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுபடி நடுவதற்கு முன் குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ போட்டு, வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி மண்ணைத் தேற்றுவார்களே, அந்தப் பழக்கம். ஏப்ரல் மழைக்குத் தூர் நிறையக் குருத்து.

போகிறவர்கள் சீட்டை நம்பாமல், தவறணையில் வளர்ந்து நிற்கும் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். உரப்பை ஒன்றும் கொண்டு போங்கள். அவர்கள் தரும் மெல்லிய பை நுவரெலியா பஸ் ஸ்டாண்டிலேயே கிழிந்து, மண்ணை நான் சீலை முந்தானையில் அள்ளினேன்.